அடையாறில் கூடிய ஆசிரியர்கள்

வெளியூரில் மாநாடு, பயிற்சி முகாம் என்றால் ஆசிரியர்களுக்குத் தனி உற்சாகம்தான். ரயில் டிக்கெட், பயணப்படி, தங்கும் இடம், முடிந்தால் அந்த ஊர்க் கோயிலில் ஒரு தரிசனம். திரும்பும்போது கையில் ஒரு பை, ஒரு நோட்டு, ஒரு பேனா. முப்பது வருடங்களுக்கு மேல் ஆசிரியர் வேலை பார்த்தவன், அனுபவித்துச் சொல்கிறேன். ஆனால் போய்வந்த பிறகு குழந்தைகளுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் கேள்வி. அப்படி யோசிக்கும்போது எனக்கு 1939ல் சென்னையில் நடந்த ஒரு கூட்டம் நினைவுக்கு வரும். நான் பிறப்பதற்கு முன் நடந்தது, படித்துத் தெரிந்துகொண்டது.

அந்த ஆண்டு நவம்பரில் இத்தாலிய அம்மையார் மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். அழைத்தவர்கள் ஜார்ஜ் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும். நாட்டின் பல பாகங்களிலிருந்தும் முந்நூறுக்கும் மேற்பட்டோர் பயிற்சிக்கு வந்து சேர்ந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மகன் மாரியோ அதை ஆங்கிலத்தில் சொல்வார்.

அன்றைய நம் பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். வாத்தியார் சொல்ல, பிள்ளைகள் கூட்டமாகத் திருப்பிச் சொல்லும். கையில் பிரம்பு இருக்கும். இந்த அம்மையாரோ, குழந்தை தானே தொட்டு, எடுத்து, அடுக்கிக் கற்றுக்கொள்ளும். நீங்கள் பொறுமையாகக் கவனியுங்கள் என்றார். உப்புக் காகிதத்தில் வெட்டிய எழுத்தைக் குழந்தை விரலால் தடவும். மணலில் விரலால் 'அ' எழுதிப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு அது அந்நியமாக இருந்திருக்காது.

சில மாதங்களில் ஊர் திரும்பும் எண்ணத்தோடுதான் வந்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் அரசு மாரியோவைச் சிறை முகாமுக்கு அனுப்பிவிட்டது. ஆகஸ்ட் 31 அம்மையாருக்கு எழுபதாவது பிறந்தநாள். அதற்குப் பரிசாக மகனை விடுவித்தார்கள். 1946 வரை இங்கேயே தங்க நேர்ந்தது. அடையாறு, கோடைக்கானல், அகமதாபாத், இலங்கை என்று பல இடங்களில் இருந்து கற்பித்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1907ல் ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பில் தொடங்கிய முறை இது. நம் நாட்டிலோ அந்த மரச் சாமான்களின் விலை காரணமாகப் பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளோடு நின்றுவிட்டது.

அதை ஏழைகளிடம் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் தாராபாய் மோடக். குஜராத்தின் பாவ்நகரில் 1920ல் கிஜுபாய் பதேக்கா தொடங்கிய பாலமந்திரில் அவரோடு சேர்ந்து வேலை செய்தவர். 1945ல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்துக்குப் போனார். ஏழைப் பிள்ளைகளால் பள்ளிக்கு வர முடியவில்லை. சரி, பள்ளி அவர்களிடம் போகட்டும் என்று குடிசைகளின் முற்றத்திலேயே வகுப்பு நடத்தினார். மரச் சாமான்களுக்குப் பதில் கூழாங்கல், இலை, விதை. அங்கணம் என்றால் முற்றம். முற்றத்தில் நடந்த பள்ளி அங்கன்வாடி ஆயிற்று.

1975 அக்டோபர் 2ல் மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியபோது அதன் மையங்களுக்கும் அந்தப் பெயரே அமைந்தது. நம் ஊரில் இன்னும் 'பால்வாடி' என்கிறோம். அங்கே பால் கொடுப்பார்கள், அதனால் அந்தப் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. 'பால்' என்றால் வடக்கே குழந்தை.

கற்றதை அப்படியே ஒப்பிக்காமல், தன் ஊர்ப் பிள்ளைக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்ததுதான் தாராபாயின் பெருமை. இன்று உங்கள் தெரு அங்கன்வாடி ஆசிரியை புளியங்கொட்டையை வைத்து எண்ணச் சொல்லிக்கொடுத்தால், சாமான் வாங்க வக்கில்லை என்று நினைத்துவிடாதீர்கள். சற்று நின்று பாருங்கள். நம் பேரப்பிள்ளைகளின் விலை உயர்ந்த பள்ளியில் நடப்பதும் அதே பாடம்தான்.