வறுமைக்கோடும் சிறைச் சோறும்

நாடுகளின் வறுமையை ஒப்பிடும் பட்டியலைப் பார்த்ததும் யார் முதலிடம் என்று தேடுகிறோம். வறுமைக்கோட்டைக் கிழித்தது யார் என்று கேட்பதில்லை. இந்தியாவுக்கு முதலில் கிழித்தவர் தாதாபாய் நௌரோஜி. 1870களில் அவர் எடுத்த அளவுகோல் சிறைக் கைதிக்கும் கப்பலேறும் கூலிக்கும் அரசே வகுத்த உணவு: அரிசி, பருப்பு, காய்கறி, நெய், கடுகெண்ணெய், உப்பு. பிழைத்திருக்க ஆளுக்கு ஆண்டுக்கு 16 முதல் 35 ரூபாய் வேண்டும் என்றார். சராசரி வருமானமோ 20 ரூபாய். குற்றவாளிக்குக் கிடைத்த சோறு உழவனுக்கு நிச்சயமில்லை. புள்ளிவிவரம் இவ்வளவு கூர்மையாகப் பேசியது அரிது.

அமெரிக்காவில் 1960களில் பொருளியலாளர் மாலி ஓர்ஷான்ஸ்கி சிக்கன உணவுச் செலவை மூன்றால் பெருக்கிக் கோடு கிழித்தார். அங்கே குடும்பங்கள் வருமானத்தில் மூன்றிலொரு பங்கை உணவுக்குச் செலவிட்டன. அந்தக் கோட்டையும் நம் கோட்டையும் அருகருகே வைத்தால் ஒப்பீடே பிசகும். அதற்காகத்தானே உலக வங்கி 1990இல் நாளுக்கு ஒரு டாலர் என்ற பொதுக்கோட்டைத் தந்தது என்பார்கள். நியாயம்தான், பொது அளவு இல்லாமல் ஒப்பிடவே முடியாது. ஆனால் அது ஏழை நாடுகளின் கோடுகளிலிருந்து எடுத்த அளவு, தாழ்ந்தே இருக்கும். விலைக்கணக்கு புதுப்பிக்கப்படும்போதெல்லாம் கோடும் நகர்ந்தது: 2008இல் 1.25, 2015இல் 1.90, 2022இல் 2.15, 2025இல் 3 டாலர். ஒவ்வொரு முறையும் ஏழைகளின் எண்ணிக்கை தாளில் மாறியது. அன்றிரவு யார் வீட்டு உலையிலும் ஒரு பிடி அரிசி கூடவோ குறையவோ இல்லை.