டால்ஸ்டாய் பண்ணையில் அரைத்த கடலை வெண்ணெய்



ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் பூமியில் கடலை போடாத ஊர் அபூர்வம். விளைந்ததை மூட்டை பிடித்து வியாபாரிக்கு விட்டுவிடுகிறோம். பிறகு பிள்ளைகள் ரொட்டியில் தடவிக்கொள்ள, அதே கடலையின் விழுதைக் கடையில் பாட்டிலில் வாங்குகிறோம். "கடலை வெண்ணெயா? அது சீமைச் சமாசாரம், நமக்கு எங்கே வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நூறு வருஷத்துக்கு முன்பே நம் தமிழ்க் குடும்பங்கள் இருந்த ஒரு பண்ணையில் அதைச் செய்திருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

கடலையின் பூர்வீகம் தென் அமெரிக்கா. அங்கத்திய பழங்குடி மக்கள் அதை அரைத்து விழுதாகவும் சாப்பிட்டார்கள். ஐரோப்பியர்களின் கப்பல்கள் வழியாக அது உலகெங்கும் பரவியது. நம்மவர்கள் 'மணிலாக்கொட்டை' என்று சொல்வதில் பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலா நகரத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டுக் கடலை பாண்டிச்சேரி வழியாக பிரான்ஸ் நாட்டு மார்செய் நகரத்துக்குப் போயிற்று. அங்கே அது எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆனது. ஆகவே நமக்குக் கடலை என்றாலே செக்கும் ஆலையும்தான் நினைவு. அமெரிக்காவிலோ டாக்டர் கெல்லாக் என்பவர் 1895இல் கொட்டைகளிலிருந்து வெண்ணெய் போன்ற விழுது செய்யும் முறைக்குக் காப்புரிமை கேட்டார். தம் வைத்தியசாலையில் புலால் இல்லாத சத்துணவு கொடுப்பது அவர் நோக்கம்.

இனி தென்னாப்பிரிக்காவுக்கு வருவோம். டிரான்ஸ்வாலில் இந்தியர்களை ஒடுக்கிய சட்டங்களை எதிர்த்து காந்தியடிகள் சத்தியாக்கிரகம் நடத்தி வந்தார். ஜெயிலுக்குப் போனவர்களின் குடும்பங்களைக் காப்பாற்றக் கையில் பணம் போதவில்லை. 1910இல் அவருடைய நண்பர் காலன்பாக் என்ற கட்டிடக் கலைஞர், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தூரத்தில் 1,100 ஏக்கர் நிலத்தைக் கொடுத்து உதவினார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. தமிழர், தெலுங்கர், குஜராத்திகள், வட இந்தியர் எல்லாரும் அங்கே ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். தம்பி நாயுடு போன்ற போராட்ட வீரர்களும் அங்கே இருந்தார்கள்.

கோதுமையை அவர்களே அரைத்து ரொட்டி சுட்டார்கள். அதற்குத் தொட்டுக்கொள்ள வெண்ணெய் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. என்ன செய்தார்கள்? கடலையை வறுத்து அரைத்து வெண்ணெயாக்கினார்கள். மாட்டு வெண்ணெயின் விலையில் நாலில் ஒரு பங்குதான் செலவு என்று காந்தியடிகள் தம் தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரக வரலாற்றில் கணக்குச் சொல்லியிருக்கிறார்.

நம் வீட்டிலும் அதே முறைதான். ஒரு கிலோ பருப்பை மிதமான தீயில், கருகாமல் வறுத்து ஆறவிடுங்கள். தேய்த்துத் தோல் நீக்கி, முறத்தில் புடைத்து, மிக்சியில் விட்டு விட்டு அரையுங்கள். முதலில் பொடியாகும், அப்புறம் கட்டி கட்டியாகத் திரளும். அவசரப்பட்டுத் தண்ணீர் மட்டும் விட்டுவிடாதீர்கள். ஈரம் பட்டால் சீக்கிரம் கெட்டுவிடும். பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான். அரைக்க அரைக்க அது வெளியே வந்து விழுது தானே இளகிவிடும். கொஞ்சம் உப்பு சேர்த்து, ஈரமில்லாத பாட்டிலில் வைத்துக்கொள்ளலாம். மேலே எண்ணெய் மிதந்தால் கலக்கிக்கொள்ளுங்கள். அப்படி மிதக்காமல் இருக்கத்தான் கடைச்சரக்கில் பல கம்பெனிகள் கெட்டியாக்கிய கொழுப்பைச் சேர்க்கின்றன. கடலை ஒத்துக்கொள்ளாத உடம்புள்ளவர்கள் மட்டும் இதைத் தொடக்கூடாது.

அந்தப் பண்ணைக்காரர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இன்றைக்கு நமக்குத் தெரியும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் திடீரென்று செத்தன. தீவனத்தில் இருந்த பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அந்த நஞ்சின் பெயர் அஃப்ளாடாக்சின். 1974இல் ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் இதே நஞ்சேறிய மக்காச்சோளத்தைத் தின்று நூறு பேருக்கு மேல் இறந்து போனார்கள். இது ஈரலைத் தாக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது.

நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. நல்ல பருப்பைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, சொத்தை, சுருங்கல், நிறம் மாறியது எல்லாம் வீட்டுக்கு என்று ஒதுக்குவோம். அரைத்துவிட்டால் சொத்தை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நஞ்சு அப்படியே உள்ளே இருக்கும். எனவே அரைக்கும் முன் ஒவ்வொரு பருப்பாகப் பொறுக்குங்கள். கழித்ததை மாட்டுக்கும் போடாதீர்கள், நஞ்சு பாலில் இறங்கும். காயைக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும்வரை காய வையுங்கள். உடைப்பதற்காகத் தண்ணீர் தெளிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

அடுத்த அறுவடையில் விற்கிற மூட்டைகளைக் கட்டும் முன்பே, நல்ல கடலையில் ஒரு மரக்கால் உங்கள் பிள்ளைகளுக்கென்று எடுத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.