மேட்டுக்கு அப்பால் கிரீன்: நீண்ட ஹோல்களில் மறைவடியும் மெக்கன்சியின் விதியும்

கோல்ஃப் திடல் வடிவமைப்பைப் பற்றி எழுதுவோரிடம் ஏறத்தாழ ஒருமித்த தீர்ப்பு ஒன்று உண்டு. இலக்கு கண்ணில் படாமல் அடிக்க நேரும் அடி, அதாவது மறைவடி, வடிவமைப்பின் குறை என்பதே அது. அந்த அடி ஏற்றத்தை நோக்கியும் அமைந்துவிட்டால் குறை இரட்டிப்பு என்பார்கள். இதற்குச் சான்றாக வழக்கமாக அழைக்கப்படுபவர் அலிஸ்டர் மெக்கன்சி. மருத்துவராக இருந்து திடல் வடிவமைப்புக்கு வந்த அவர், 1920-இல் வெளியிட்ட சிறு நூலில் சிறந்த திடலுக்கு 13 நெறிகளை வகுத்தார். கிரீனை நோக்கி அடிக்கும் அடிகளில் மறைவு மிகக் குறைவாகவே இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

அதே மெக்கன்சி பாபி ஜோன்ஸுடன் சேர்ந்து ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டாவில் அமைத்த திடலில், இன்றைய 8-ஆவது ஹோல் டீயிலிருந்து கிரீன் வரை ஏற்றம். ஐந்து அடிகளில் முடிக்க வேண்டிய நீண்ட ஹோல் அது. இரண்டாவது அடிக்கு நிற்பவருக்குக் கிரீன் தெரிவதில்லை. தாம் எழுதிய விதியை அவரே மீறிவிட்டார் என்று கொள்வது எளிது. நான் அப்படிக் கொள்ளவில்லை. விதியை நாம் அகலமாகப் படித்துவிட்டோம். நீண்ட ஹோலில் இரண்டாவது அடி மறைந்திருப்பது தன்னளவில் குற்றம் அல்ல. முதல் அடியை எவ்வளவு நன்றாக அடித்தாலும் அந்த மறைவு குறையாது என்றால் அது குற்றம். மறைந்த இலக்கு எங்கே இருக்கிறது என்று நிலம் ஒரு குறிப்பும் தரவில்லை என்றாலும் அது குற்றம். இவ்விரண்டு சோதனைகளிலும் அகஸ்டாவின் 8-ஆவது ஹோல் முதலில் தேறியது. பிறகு ஒரு காலம் தோற்றது. மீண்டும் தேறியது. அந்த வரலாறே என் முக்கியச் சான்று.

மறைவடி தொடக்கத்தில் யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல. ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில் 1851-இல் ஓல்ட் டாம் மாரிஸ் மணல்மேடுகளுக்கு நடுவே 12 ஹோல்களை வகுத்தபோது, மேட்டை வெட்டித் தள்ள அவரிடம் எந்திரம் இல்லை. மேடு குறுக்கே நின்றால் அதைத் தாண்டித்தான் அடிக்க வேண்டும். 1860-இல் முதல் ஓப்பன் போட்டி நடந்ததும் அந்தத் திடலில்தான். ஆல்ப்ஸ் என்று பெயர்பெற்ற ஹோலில் இரண்டாவது அடி ஒரு பெரிய மணல்மேட்டுக்கு மேலே போக வேண்டும். மேட்டுக்கு அப்பால், கிரீனுக்கு முன்னால், சஹாரா என்ற பங்கர் வாய்திறந்து கிடக்கும். ஆல்ப்ஸ் இன்று 17-ஆவது ஹோலாக ஆடப்படுகிறது. அதன்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் அங்கே பந்தை மேட்டின் இப்புறத்தில் எந்த மூலையில் வைத்தாலும் அடுத்த அடி மறைவாகவே இருக்கும். அதை மரபுச் சின்னமாகக் காக்கலாம். புதிதாக அமைப்போருக்கு முன்மாதிரியாகக் காட்ட முடியாது.

அயர்லாந்தின் லஹின்ச் திடலில் உள்ள கிளாண்டைக் என்ற ஹோலுக்கும் இது பொருந்தும். அதுவும் ஐந்து அடி ஹோல்தான். இரண்டாவது அடிக்குக் குறுக்கே ஒரு பெருமேடு. மேட்டின்மேல் ஒருவர் நின்று, அப்பால் ஆள் இல்லை என்றால் அடிக்கலாம் என்று சைகை காட்டுவார். அடுத்து வரும் டெல் என்ற குட்டை ஹோலில், குழி இன்று எந்த நேர்கோட்டில் இருக்கிறது என்பதை மேட்டின் மேலே வைக்கப்படும் வெள்ளைக் கல் சொல்லும். 1920-களின் இறுதியில் இதே மெக்கன்சி அந்தத் திடலைத் திருத்தி அமைத்தார் என்பதையும், அவருடைய திருத்தத்துக்குப் பிறகும் இவ்விரண்டு ஹோல்களும் நின்றன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இனி, மறைவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஏற்றத்தின் உயரம்தான் காரணம் என்று பொதுவாக எண்ணுகிறார்கள். உண்மையில் உயரத்தைவிட ஏற்றத்தின் வடிவமே தீர்மானிக்கிறது. உட்குழிந்து மேலேறும் சரிவு எவ்வளவு உயரமானாலும் அதன் உச்சியில் இருப்பது கீழே நிற்பவருக்குத் தெரியும். புடைத்துக்கொண்டு மேலேறும் சரிவில், முப்பது அடி உயரமே ஒரு கிரீனை விழுங்கிவிடப் போதும்.

கணக்காகவே பார்ப்போம், இவை வாதத்துக்காக நானே வைத்துக்கொண்ட அளவுகள். ஆடுபவர் கிரீனுக்கு 250 கஜம் கீழே நிற்கிறார். கண் தரையிலிருந்து ஐந்தரை அடி உயரத்தில். எதிரே 150 கஜத்தில் சரிவு புடைக்கும் இடம். அது அவர் காலடியைவிட 30 அடி உயரம். கிரீன் 38 அடி உயரம். கொடிக்கம்பம் வழக்கம்போல் 7 அடி. கண்ணிலிருந்து அந்தப் புடைப்பைத் தொட்டுச் செல்லும் கோட்டை நீட்டினால், கிரீன் இருக்கும் தொலைவில் அது 46 அடிக்குச் சற்று மேலே போகிறது. கொடியின் தலை 45 அடியில். ஆக, ஓரடியும் சில அங்குலமுமான வித்தியாசத்தில் கொடி மறைகிறது. இதே ஆடுபவரின் முதல் அடி இன்னும் 30 கஜம் முன்னால் போய், 8 அடி உயரமான இடத்தில் நின்றிருந்தால், அந்தக் கோடு கிரீனருகே 44 அடிக்கும் கீழே இறங்கிவிடும். கொடியின் மேல்முனை ஓரடிக்கு மேல் வெளியே தெரியும். நல்ல முதல் அடி இங்கே தூரத்தை மட்டும் தரவில்லை, பார்வையையும் சேர்த்துத் தருகிறது. ஆல்ப்ஸ் ஹோலில் கிடைக்காதது இதுதான்.

ஏற்றத்தில் தூரத்தையும் கூட்டிக் கணக்கிட வேண்டும். பந்து ஏறும் ஒவ்வொரு கஜத்துக்கும் ஏறத்தாழ ஒரு கஜம் என்பது கேடிகளின் வாய்பாடு. இரண்டாவது அடியில் கிரீனையே எட்டிவிட நினைப்பவர், தெரியாத இலக்கை நோக்கித் தம்மிடம் உள்ள நீளமான மட்டைகளில் ஒன்றை எடுக்கிறார். எட்ட முடியாதவருக்கும் விருப்பமில்லாதவருக்கும் இன்னொரு வழி உண்டு: மேட்டின் மேலே ஏற்றி நிறுத்திவிட்டு, மூன்றாவது அடியைக் கண்ணால் பார்த்து அடிக்கலாம். நாலடி ஹோலில் இந்த மாற்றுவழி ஓர் அடியை விலையாகக் கேட்கும். ஐந்தடி ஹோலில் அது முறையான ஆட்டம். நீண்ட ஹோலின் மறைவை நாலடி ஹோலின் மறைவோடு ஒரே தராசில் வைப்பது தவறு என்று நான் சொல்வது இதனால்தான்.

மெக்கன்சி இதைத் தெளிவாக அறிந்திருந்தார். 1934-இல் அகஸ்டாவின் முதல் போட்டி நடந்தபோது இரு பாதிகளும் இன்றைய வரிசைக்கு எதிர்மாறாக ஆடப்பட்டன. நம் 8-ஆவது ஹோல் அப்போது 17-ஆவது. அந்த ஹோலைப் பற்றிய அவருடைய விளக்கத்தின் சாரம் இது: கிரீன் ஒரு கிண்ணத்தில் கிடக்கிறது, சுற்றிலும் 9 முதல் 12 அடி உயரமான மேடுகள், மூன்றாவது அடிக்குக் கிரீன் முழுக்கத் தெரியும், இரண்டாவது அடியிலேயே எட்டக்கூடிய வலுவுள்ளவர், அந்த மேடுகளின் அளவைக் கொண்டு கிரீன் எங்கே என்று கண்டுகொள்வார். கிரீனைச் சுற்றிப் பங்கர் கிடையாது. என் கணக்கில் அந்த மேடுகளைப் பொருத்திப் பாருங்கள். கொடி மறைந்திருக்கும் அதே இடத்தில் நிற்பவருக்கு, 9 அடி மேடு அரையடிக்குச் சற்று கூடுதலாகத் தலைகாட்டும். 12 அடி மேடு மூன்றரை அடிக்கு மேல் எழுந்து நிற்கும். இலக்கு மறைந்தே இருக்கும், அது இருக்கும் திசை மட்டும் தெரியும்.

போயர் போரில் இராணுவ மருத்துவராக இருந்தபோது, போயர் வீரர்கள் நிலத்தோடு நிலமாகத் தங்கள் பதுங்கு குழிகளை மறைத்த விதத்தைக் கூர்ந்து கவனித்தவர் மெக்கன்சி. முதல் உலகப் போரில் உருமறைப்புப் பணியே செய்தார். எதை மறைப்பது, எவ்வளவு காட்டுவது என்பதில் அவருக்கு இருந்த பயிற்சி வேறெந்த வடிவமைப்பாளருக்கும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒன்றை மட்டும் நான் அவருக்காக வாதாட மாட்டேன்: மேடேறி நடக்க வைக்கக் கூடாது என்றும் அவருடைய நெறிகள் சொல்கின்றன. அதற்கு இந்த ஹோல் கீழ்ப்படியவில்லை.

1934 ஜனவரியில், முதல் போட்டிக்குச் சில வாரங்கள் முன்பு, அவர் இறந்துபோனார். 1950-களின் நடுவில் அந்த மேடுகள் அகற்றப்பட்டன. பார்வையாளர்களுக்குக் கிரீன் நன்றாகத் தெரிய வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். போட்டி நடத்துவோருக்கு அது நியாயமான கவலைதான். கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் போன 1925-க்குப் பிறகு பிரெஸ்ட்விக்குக்கு ஓப்பன் போட்டி திரும்பி வரவே இல்லை. ஆனால் அகஸ்டாவில் கயிற்றுக்கு வெளியே நிற்பவருக்குப் பார்வை கிடைத்தபோது, மேட்டுக்குக் கீழே நிற்கும் ஆட்டக்காரருக்கு இருந்த ஒரே குறிப்பு போயிற்று. அதுவரை மறைவு பாதியாக இருந்தது. அந்நாள் முதல் முழு மறைவானது. வடிவமைப்பில் இது பெரும் பிழை என்பதில் எனக்கு ஐயமில்லை.

இதற்கு எதிராக ஒரு நிகழ்ச்சியைக் காட்டலாம். மேடுகள் இல்லாதிருந்த 1967-இல்தான் ஆஸ்திரேலியாவின் புரூஸ் டெவ்லின் அங்கே இரண்டாவது அடியைச் சுமார் 248 கஜத்திலிருந்து நேராகக் குழியில் போட்டு அல்பட்ராஸ் அடித்தார். வியக்கத்தக்க அடி. ஆனால் அதைக் கொண்டு ஹோலின் தரத்தை அளக்க முடியாது. அந்த அடியில் குழியே இலக்காக இருந்திருக்க வாய்ப்பில்லை. அதைவிட எனக்குப் பொருளுள்ளதாகப் படுவது 1986-இன் இறுதிச் சுற்று. மேடுகள் 1979-இல் மீண்டும் எழுப்பப்பட்டிருந்தன. ஒரே ஜோடியாக ஆடிய டாம் கைட்டும் செவ் பலெஸ்டெரோஸும் அடுத்தடுத்து மூன்றாவது அடியைக் குழியில் போட்டு ஈகிள் பெற்றார்கள். கைட் அடித்தது ஏறத்தாழ 80 கஜத்திலிருந்து. பலெஸ்டெரோஸ் அதில் பாதித் தொலைவிலிருந்து. ஒன்பதாவது கிரீனில் பந்தைத் தட்டத் தயாராக நின்ற ஜாக் நிக்லஸ், அங்கிருந்து எழுந்த இரண்டு ஆரவாரங்களுக்கும் ஒதுங்கிக் காத்திருக்க வேண்டியதாயிற்று. இரண்டு ஈகிள்களும் மூன்றாவது அடியில், மேடேறிய பின், கிரீனைப் பார்த்து அடித்தவை. மெக்கன்சி எழுதிவைத்த ஆட்டம் அப்படியே அங்கே நடந்தது.

மறைவடிக்கு எதிரான வாதங்களில் பாதுகாப்பு ஒன்றுதான் கனமானது. அப்பால் நிற்பவர் தலையில் பந்து விழக்கூடும். லாங் ஐலண்டில் சார்லஸ் பிளேர் மெக்டொனால்ட் பிரெஸ்ட்விக் ஆல்ப்ஸை அடியொற்றி நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸின் 3-ஆவது ஹோலை அமைத்தார். அங்கே கிரீனுக்கு அருகே மணி ஒன்று உண்டு, ஆடி முடித்தவர்கள் அதை அடித்துவிட்டுப் போக வேண்டும். மணியும் சைகையும் போதும் என்று நினைக்கிறேன்.

பழகியவருக்குச் சாதகம், புதியவருக்குப் பாதகம் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. எல்லாத் திடலும் பழகியவருக்குச் சாதகம்தான். கிரீனின் சரிவுகளைப் படிப்பதிலும் அதே வேறுபாடு உண்டு. 1982 வரை அகஸ்டாவின் மாஸ்டர்ஸ் போட்டியில் ஆட்டக்காரர்கள் அந்தக் கிளப்பின் கேடிகளையே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி இருந்தது. முதல்முறை வருபவருக்கும் மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை ஆயிரம் முறை ஏறி இறங்கிய ஒருவர் அருகே நின்று சொன்னார். 1983 முதல் சொந்தக் கேடிகளை அழைத்துவரலாம் என்றானது. மனிதர் தந்த குறிப்பு அப்படிக் குறைந்தபோது, நிலம் தரும் குறிப்பின் மதிப்பு கூடியது.

தொடக்கத்தில் சுமார் 500 கஜமாக இருந்த அந்த ஹோல் இன்று 570 கஜம். டீயைப் பின்னால் தள்ளுவதைக் கடுமை கூட்டும் வேலையாகவே பலர் பார்க்கிறார்கள். பந்தும் மட்டையும் மாறி முதல் அடி நீண்டுவிட்ட காலத்தில், எல்லோருடைய பந்தும் சரிவின் மேலே போய்க் கிடந்தால் பார்வை எல்லோருக்கும் இலவசமாகிவிடும். டீ பின்னால் போனதால், முயன்றவருக்கு மட்டும் கிரீன் பக்கம் சற்றே திறக்கும் நிலை காக்கப்பட்டது.

ஆகவே, இத்தகைய ஹோலைப் புதுப்பிக்க வருபவர் கிரீனில் நின்று அளக்கத் தொடங்கக் கூடாது. இரண்டாவது அடி அடிக்கப்படும் பட்டைக்குப் போய், அங்கே ஓர் ஆட்டக்காரரின் கண்ணுயரத்திலிருந்து அளக்க வேண்டும். 1979-இல் ஜோ ஃபிங்கர் அகஸ்டாவின் மேடுகளை மீட்டபோது அவருக்கு ஆலோசனை சொன்னவர் பைரன் நெல்சன். 1937-இலும் 1942-இலும் அங்கே வென்றவர். பழைய மேடுகளைக் குறியாக வைத்து, போட்டியின் நெருக்கடியில், கீழேயிருந்து அடித்தவர்.