மலிவுக் கணினியில் விளையாட்டுப் பதிவு: ஒரு சிறு வரலாறு

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கியது. விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களை நம்பி வாழும் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுக்குள் வந்த முதல் கணினி அதுதான். 2 ஜிபி ரேம், 320 ஜிபி வன்தட்டு. பாடத்துக்குக் கொடுத்ததில் பிள்ளைகள் விளையாடவும் செய்தார்கள்; ஆசிரியர்களாகிய நாங்கள் அதற்குத் திட்டியது வேறு கதை. விளையாட்டு ஓரளவு ஓடியது. அதைப் படமாகப் பதிவு செய்து யூடியூபில் ஏற்ற நினைத்தபோதுதான் கணினி திணறியது.

காரணத்தை ஒரு கணக்கு போட்டால் புரிந்துகொள்ளலாம். முழு எச்டி திரையில் 1920 × 1080 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ 20.7 லட்சம். ஒரு புள்ளிக்கு 3 பைட்டு, நொடிக்கு 30 படம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 187 எம்பி எழுத வேண்டும். அக்கால மடிக்கணினி வன்தட்டு நொடிக்கு 100 எம்பியைத் தொடுவதே அரிது. 1999இல் வெளிவந்த ஃபிராப்ஸ் என்னும் பதிவு மென்பொருள் படத்தைக் குறைவாகவே சுருக்கியது. சில நிமிடப் பதிவே பல ஜிபி ஆகிவிடும். இலவசப் பதிப்பில் 30 நொடிக்கு மேல் பதியவும் முடியாது.

2003இல் வந்த எச்.264 தரம் கோப்பின் அளவைப் பெரிதும் குறைத்தது. நொடிக்கு 8 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணிநேரப் பதிவு 3.6 ஜிபிதான். ஆனால் சுருக்கும் வேலை முழுவதும் செயலியின் தலையில் விழுந்தது. விளையாட்டுக்கும் அதே செயலிதான். ஒரே மாட்டை இரண்டு ஏரில் பூட்டியதுபோல.

திருப்பம் 2011, 2012 ஆண்டுகளில் வந்தது. படத்தைச் சுருக்குவதற்கென்றே தனியான என்கோடர் சுற்றைச் சில்லுக்குள் வைத்தார்கள். 2011 ஜனவரியில் இன்டெல்லின் குயிக் சிங்க், 2012இல் என்விடியாவின் என்விஎன்க் வந்தன. ஆனால் அந்தத் தலைமுறையின் மலிவான பென்டியம், செலரான் சில்லுகளுக்கு இன்டெல் குயிக் சிங்க்கைத் தரவில்லை. தேவைப்பட்டவர்களுக்கே அது கிடைக்கவில்லை. 2012இல் ஓபிஎஸ் என்ற கட்டணமில்லாத பதிவு மென்பொருளும் வெளியானது. இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது அதன் வழிவந்த பதிப்பைத்தான்.

மாணவர்கள் இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புதிய பொருளில் எல்லாம் என்கோடர் இருக்கும் என்று நம்பக்கூடாது. 2017இல் வந்த ஜிடி 1030 அட்டையில் அது இல்லை. 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6400 அட்டையிலும் இல்லை. இன்டெல் செயலியின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளிணைந்த கிராபிக்ஸ் கிடையாது. அதோடு குயிக் சிங்க்கும் போய்விடும். விலை குறைவு என்று இந்த இரண்டையும் சேர்த்து வாங்கினால், ஆலைக் கூலியில் மிச்சம் பிடித்த பணம் போகும், பதிவோ மறுபடி செயலியின் தலையில்தான் விழும். சிவகாசி அச்சகங்களில் காலண்டர் வடிவமைக்கும் கணினியைக் கண்டு அதே மாதிரி வாங்குவதும் சரியல்ல. அங்கே பெரிய படக்கோப்புகளைத் திறக்கும் வேலை, அதற்கு ரேம்தான் முதல் தேவை.

ஆகவே கடைக்குப் போகுமுன் ஓபிஎஸ் மென்பொருளின் புள்ளிவிவரப் பலகையைப் பாருங்கள். அது இரண்டு தாமதங்களைத் தனித்தனியே காட்டும். என்கோடிங் தாமதம் ஏறினால் அமைப்பில் வன்பொருள் என்கோடரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது கணினியில் இல்லையென்றால்தான் புதிய அட்டை. ரெண்டரிங் தாமதம் ஏறினால் கிராபிக்ஸ் அட்டை மூச்சு முட்டுகிறது என்று பொருள். விளையாட்டின் பட வேகத்தை 60க்குள் கட்டினாலே பல நேரம் சரியாகிவிடும். ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. தனி அட்டை இல்லாத கணினியில் ஒரே 8 ஜிபி ரேமைவிட இரண்டு 4 ஜிபி ரேம் நல்லது; கிராபிக்ஸுக்கு இரட்டைப் பாதை கிடைக்கும். எஸ்எஸ்டி போட்டால் விளையாட்டு விரைவாகத் திறக்கும். நொடிக்கு ஒரு எம்பி எழுதும் பதிவுக்குப் பழைய வன்தட்டே தாராளம்.

மின்சாரத்தையும் மறக்கக்கூடாது. 2012இல் நாள்தோறும் பல மணிநேரம் மின்வெட்டு இருந்ததை இப்பகுதியார் அறிவார்கள். எம்பி4 கோப்பாகப் பதியும்போது நடுவில் மின்சாரம் போனால் முழுப் பதிவும் திறக்காமல் போகக்கூடும். எம்கேவி கோப்பாகப் பதிந்தால் அதுவரை பதிந்தது தப்பிவிடும். பிறகு ஓபிஎஸ் மூலமே அதை எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம், தரம் குறையாது.