பதற்ற நோய்க்கும் எண்ணச் சுழற்சி நோய்க்கும் மனச்சோர்வு மருந்துகள்

மனச்சோர்வுக்கென வந்த சில மாத்திரைகள், பதற்ற நோய்க்கும் எண்ணச் சுழற்சி நோய்க்கும் (ஓ.சி.டி.) முதன்மை மருந்துகளாகிவிட்டன. எண்ணச் சுழற்சி நோய்க்கு முதலில் பலன் தந்தது குளோமிப்ரமின். அமெரிக்கா இதற்கென 1989இல் ஒப்புதல் அளித்தது. இன்று ஃப்ளூவாக்செட்டின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகையே முதல் தேர்வு. இவை நரம்பு முனைகளில் செரட்டோனின் மீண்டும் உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. நோய் தணிவதற்கு அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

பதற்ற நோய்க்குக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். முதல் வாரங்களில் குமட்டலும் படபடப்பும் கூடலாம். பலர் மாத்திரையைக் கைவிடுவது அப்போதுதான். கதவைப் பூட்டிவிட்டோமா என்று பத்து முறை திரும்பிப் பார்க்கும் எண்ணச் சுழற்சி நோயாளிக்குப் பெரும்பாலும் கூடுதல் அளவு தேவை: செர்ட்ராலின் 200 மி.கி. வரை. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் பிடிக்கும். அச்சத்தை எதிர்கொண்டு, திரும்பத் திரும்பச் செய்யும் சடங்கைத் தவிர்க்கும் நடத்தைச் சிகிச்சை சேர்ந்தால் நல்லது. இம்மருந்துகள் போதைப் பழக்கம் ஆவதில்லை. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரலாம்.

கொல்லிமலை போன்ற இடங்களில் மாத்திரையை இடைவிடாமல் தொடர்வதுதான் சிக்கல். செம்மேட்டுப் பக்கத்திலிருந்து நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காரவள்ளி வழியே போக 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். மாத்திரை தீருமுன் அடுத்த மருந்துச் சீட்டு கையில் இருப்பது அவசியம். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் மனநலத் தொலைபேசி உதவி எண்: 14416.