கொழும்புத் துறைமுகத்தில் சரக்கு கையாளலும் தொழிலாளரும்

கொழும்புத் துறைமுகத்தின் வரலாறு பெரும்பாலும் அலைதடுப்புச் சுவர்களின் வரலாறாகவே கூறப்பட்டு வருகிறது. 1875இல் அடிக்கல் நாட்டப்பெற்ற தென்மேற்குச் சுவர் 1885இல் நிறைவெய்தியது. காலித் துறைமுகத்தின் முதன்மையும் மங்கியது. ஆயின் சுவர் அளித்தது அமைதியான நீர்ப்பரப்பை மட்டுமே. பெரும்பாலான கப்பல்கள் கரையை அணையாது, நடுத்துறையில் மிதவைகளிற் கட்டப்பட்டு நின்றன. ஆகவே ஒவ்வொரு மூடையும் கப்பலிலிருந்து சரக்குப் படகுக்கும், படகிலிருந்து கரைக்குமென இருமுறை கையாளப்பட்டது. அரிசி மூடை, தேயிலைப் பெட்டி, நிலக்கரி யாவும் மனிதத் தோள்களையே நம்பியிருந்தன.

பெருங்கப்பல்கள் அணையத்தக்க எலிசபெத் மகாராணி இறங்குதுறை 1954இலேயே திறக்கப்பட்டது. ஏறத்தாழ எழுபதாண்டு கழிந்த இத்தாமதத்தைப் பொறியியற் காரணங்களால் மட்டும் விளக்குதல் அரிது. தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் உட்படத் தொழிலாளரின் உழைப்பு மலிவாகக் கிடைத்தவரை, இறங்குதுறைக்குப் பெருமுதல் இடவேண்டிய நெருக்கடி எழவில்லை என்பதே எமது கருத்து.

எனினும் இம்முறையே தொழிலாளருக்கு ஒரு வலிமையையும் தந்தது. படகுகள் நின்றால் துறைமுகமே நின்றுவிடும். ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையில் நிகழ்ந்த 1927ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் இதனைப் புலப்படுத்திற்று. தனியார் கம்பனிகளின் கையிலிருந்த ஏற்றியிறக்கும் பணி 1958இல் அரசுக் கூட்டுத்தாபனமொன்றின் பொறுப்பாயிற்று.

1985இல் ஜயா கொள்கலன் முனையம் இயங்கத் தொடங்கியது. தோட்சுமை நீங்கியதற்கு எவரும் வருந்தார். ஆனால் சரக்கு களஞ்சியத்திலேயே கொள்கலனில் நிரப்பப்பட்டு, முத்திரையிடப்பட்டுத் துறைக்கு வரும்போது, பழைய வேலைக் குழுக்களுக்கு அங்கு எஞ்சிய வேலை சிறிதே.