கோடம்பாக்கம்: நாம் காணும் பளபளப்பும் காணாத வரலாறும்



பள்ளி விடுமுறை நெருங்கினால் கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் வட்டாரங்களில் சென்னைப் பயணம் பற்றிய பேச்சும் தொடங்கிவிடும். தியாகராய நகரில் துணிமணி, பேரங்காடியில் ஒரு நாள், நடிகர் வீட்டு வாசலில் ஒரு நிழற்படம் எனப் பயணத் திட்டம் நீளும். அதில் தவறில்லை. ஆயினும், நாம் வியந்து நிற்கும் இடங்களின் அடியில் புதைந்துள்ள வரலாற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

நம் தாத்தா பாட்டி காலத்தில் சென்னைக்குச் செல்வது கப்பற் பயணமாகவே இருந்தது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல், போர்ட் சுவெட்டன்ஹாம், பினாங்கு துறைமுகங்களிலிருந்து தமிழர்களை நாகப்பட்டினத்திற்கும் சென்னைக்கும் ஏற்றிச் சென்றது. 1970களின் தொடக்கத்தில் அதன் இடத்திற்கு வந்த 'சிதம்பரம்' கப்பல், 1985இல் தீ விபத்துக்குள்ளானது; அத்துடன் அந்தக் கடல்வழிப் பயணமும் முடிவுக்கு வந்தது. கப்பலேறும் வசதியற்ற தோட்டத் தொழிலாளர்களுக்கோ, தோட்டத்துத் திடலில் கட்டிய வெள்ளைத் திரையே சென்னை நகரைக் காட்டிய சன்னல்.

அத்திரையில் ஓடிய படங்கள் எங்கே பிறந்தன?

முதலாவது, ஜெமினி ஸ்டூடியோ. 'ஆனந்த விகடன்' எஸ்.எஸ்.வாசன் நடத்திய இக்கூடத்தில்தான் 1948இல் வெளிவந்த 'சந்திரலேகா' உருவானது. நடிகர்களுக்கும் மாதச் சம்பளம் வழங்கிய காலம் அது. இன்று அவ்விடத்தில் சொகுசு ஓட்டல் ஒன்று நிற்கிறது. அருகில் 1973இல் திறக்கப்பட்ட மேம்பாலத்திற்கு அண்ணாவின் பெயரைச் சூட்டியும், மக்கள் இன்றளவும் 'ஜெமினி மேம்பாலம்' என்றே அழைக்கின்றனர். ஸ்டூடியோ மறைந்தும் பெயர் மறையவில்லை.

இரண்டாவது, நாகிரெட்டியும் சக்கரபாணியும் வளர்த்த வடபழனி விஜயா வாகினி. 1955இல் 'மிஸ்ஸியம்மா', 1957இல் 'மாயா பஜார்' ஆகிய படங்களைத் தந்த நிறுவனம் இது. அந்நிலத்தில் இன்று மருத்துவமனையும், 2013இல் திறக்கப்பட்ட பேரங்காடியும் உள்ளன. நம் பிள்ளைகள் நகரும் படிக்கட்டில் ஏறி மகிழும் இடம் ஒரு காலத்தில் தச்சரும் ஓவியரும் மின்பணியாளரும் அட்டையாலும் மரத்தாலும் அரண்மனைகளை எழுப்பிய இடமாகும்.

மூன்றாவது, ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார் 1945இல் நிறுவிய ஏவி.எம். நிறுவனம் காரைக்குடியில் இயங்கிப் பின்னர்க் கோடம்பாக்கம் வந்தது. 1952இல் வெளிவந்த 'பராசக்தி'யின் வழி சிவாஜி கணேசன் அறிமுகமானார். அக்கதையில், பர்மாவில் வாழ்ந்த தமிழ் இளைஞன் கப்பலில் சென்னை வந்திறங்கி, ஏமாற்றப்பட்டுக் கையிலிருந்ததை எல்லாம் இழந்து தெருவில் நிற்கிறான். கடல் கடந்து வாழும் நமக்கு அது வெறும் பொழுதுபோக்குக் கதையன்று. ஏவி.எம். வளாகத்தில் 2023 முதல் பாரம்பரிய அருங்காட்சியகமும் உள்ளது. சென்னை செல்வோர் பயணத் திட்டத்தில் அதற்கும் ஓரிடம் தரலாம்.

நம் சிலாங்கூருக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1950இல் 'பக்தி' என்னும் மலாய்ப் படத்தில் பி.ரம்லியைக் கதாநாயகனாக்கியவர், சென்னையில் பிறந்த எல்.கிருஷ்ணன். பின்னர் உலு கிள்ளானில் மெர்டேக்கா ஸ்டூடியோவைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர். இச்செய்தி நம் மாணவர்களுள் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆழ்ந்து நோக்கினால், கோடம்பாக்கத்திற்கும் நம் தோட்டத்திற்கும் ஓர் ஒற்றுமை புலப்படும். இரண்டும் பலர் உழைத்து வாழ்ந்த இடங்கள். இரண்டும் நிலத்தின் விலை ஏறியபோது உருமாறின. 1917இல் நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் தோன்றியது நம் வட்டாரத்துத் தெனமாரத்தில்தான். பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. லயங்கள் இருந்த பல இடங்களில் இன்று வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துள்ளன. ஜெமினிக்காவது ஒரு மேம்பாலம் பெயரைக் காத்துத் தந்தது. நம் தோட்டங்களின் பெயர்களை யார் காப்பர்?

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சென்னை சென்று திரும்பும் மாணவரிடம், "என்ன வாங்கினாய்?" என்பதோடு நில்லாமல், "அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது?" என்றும் கேளுங்கள். செல்ல இயலாத மாணவரிடம், தோட்டத்துத் திடலில் பார்த்த முதல் படம் எது, அத்தோட்டத்தின் பெயர் என்ன என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். இரண்டு கட்டுரைகளையும் வகுப்பில் அருகருகே ஒட்டுங்கள்; விமானமேறியவரும் ஏறாதவரும் அங்கே சமமாவர்.

பெற்றோர்களே, நடிகர் வீட்டு வாசலில் எடுத்த படத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். அத்துடன், உங்கள் பெற்றோர் வாழ்ந்த லயத்தின் படம் ஒன்று இருந்தால், அதன் பின்புறத்தில் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் இன்றே எழுதிவையுங்கள். நாளை அதைச் சொல்ல ஆள் இராது.